அச்சமும் உடன் வரட்டும்



இறுப்பிட்டியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி வாழும் தாயும் மகளும் அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் என்னைத் தேடி வந்தார்கள். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்திருந்தது. அந்தக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதிக்கப்போகும் முதற்பிள்ளை அவள். தகப்பன் கடற்றொழில் செய்பவர். செய்தி வந்த அன்று அயலெல்லாம் கற்கண்டு கொடுத்த வீடு அது. ஆகவே வாழ்த்துப் பெறவே வந்திருக்கிறார்கள் என எண்ணி, தேநீர் வைப்பதற்கு எழுந்தேன்.

"ரீச்சர், தேத்தண்ணி பிறகு குடிப்பம். நீங்கள் இவளோட ஒருக்காக் கதையுங்கோ," என்றார் தாய். "இரண்டு கிழமையாப் பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறாளில்லை. இரவில நித்திரையும் இல்லை. நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தியும் வைச்சாச்சு."

மகள் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எல்லாரும் நீ கெட்டிக்காரி, பயப்பிடாதை எண்டு சொல்லினம் ரீச்சர். பயமா இருக்கு எண்டு சொல்லவே வெக்கமா இருக்கு," என்றாள். சுவரிலிருந்த சிலுவையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உங்கட வேதத்தில பயத்துக்கு ஏதும் மருந்து சொல்லியிருக்கோ?" என்றும் கேட்டாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். கேள்வி வந்தவுடன் பதில் சொல்லிப் பழகிய நாக்கு. அன்று அது சற்றுத் தயங்கியது.

விவிலியத்திலே 'அஞ்சாதே' என்னும் சொல் ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 தடவை வருகின்றது என மேடைகளிற் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்குச் சரிவராது என்பது தெரியும். அது ஒரு குறையுமன்று. அச்சொல் யாரிடம், எந்த வேளையிற் சொல்லப்பட்டது என்பதைக் கவனித்தால் நமக்குப் பயனுண்டு. தாம் சிறுபிள்ளை, பேசத் தெரியாதவர் என்று பின்வாங்கிய எரேமியாவுக்கு அது சொல்லப்பட்டது. பகைவருக்கு ஒளித்துத் திராட்சை ஆலைக்குள் கோதுமை அடித்துக்கொண்டிருந்த கிதியோனுக்குச் சொல்லப்பட்டது. நாசரேத்தூரின் இளம்பெண் ஒருத்திக்குச் சொல்லப்பட்டது. இவர்கள் எல்லோரும் அந்நேரத்தில் உள்ளபடியே அஞ்சிக்கொண்டிருந்தவர்கள். அச்சம் முற்றாகத் தீரட்டும், பிறகு புறப்படலாம் என்று இவர்களில் ஒருவருக்கேனும் தவணை கொடுக்கப்படவுமில்லை.

இதை அவளுக்கு உடனே சொல்லவில்லை. கொப்பியொன்றின் கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்து, எவற்றுக்குப் பயம் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். "எல்லாத்துக்கும்" என்றாள். "எல்லாத்துக்கும் எண்டு ஒரு பாடம் இல்லைப் பிள்ளை, எழுது," என்றேன்.

எழுதினாள். தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்றவளுக்கு அங்கே விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையிற் படுத்தெழும்ப வேண்டும். சிங்களம் நாலு சொல்லுக்கு மேல் வராது. குளிர். பகிடிவதை. மாதாமாதம் அப்பா எங்கே பணத்துக்குப் போவார் என்ற நினைப்பு. இங்கே பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளை. அங்கே வருகிற எல்லோருமே எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தின் முதலாம் பிள்ளைகள். முதற் பரீட்சையிலேயே தவறிவிட்டால் அந்தக் கற்கண்டு வாங்கித் தின்றவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? கடைசியாக, மிகச் சிறிய எழுத்தில், தான் இல்லாத வேளையில் அம்மாவுக்கு வருத்தம் வந்தால் யார் பார்ப்பது என்று எழுதியிருந்தாள். அதைத் தாய்க்குக் காட்டாமல் தாளை மடித்து என்னிடம் தந்தாள்.

வீண் பயம் என்று சொல்லித் தள்ளிவிடக்கூடியது அத்தாளில் ஒன்றுமே இல்லை. எங்கள் தீவிலே மலை இல்லை. பனையைவிட உயரமான பொருள் ஒன்றைக் காணாமலே வளர்ந்த பிள்ளை ஹந்தானை மலையடிவாரத்தில் போய்த் தனியே வாழப்போகிறாள். அவளிடம் 'பயப்படாதே' என்பது, காய்ச்சற்காரரைப் பார்த்துச் 'சுடாதே' என்பது போலத்தான்.

அந்தத் தாளை வாசித்தபோது ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மாணவரின் நினைவு எனக்கு வந்தது. இயேசு சபையை நிறுவிய புனிதர் என்று நாம் வணங்கும் லொயோலா இஞ்ஞாசியாரைத்தான் சொல்கிறேன். அவரைப் பீடத்திலே பார்த்துப் பழகிவிட்டதால், அவர் வாங்கிலிருந்து படித்த காலத்தை நாம் அதிகம் நினைப்பதில்லை.

1491 இல் பிறந்தவர், போர்வீரர். 1521 இல் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை முறித்தது. மனம் மாறினார், எருசலேமுக்கு யாத்திரை போய் வந்தார், பிறருக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று கண்டார். 1524 இல் பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணத்தின் அரிச்சுவடியைத் திறந்தபோது அவருக்கு வயது 33 அளவில். பாடத்தை மனனஞ்செய்ய உட்கார்ந்தால் பக்தி நிறைந்த இனிய எண்ணங்கள் வந்து மொய்த்துக்கொள்ளுமாம். ஒரு வினைச்சொல்லையும் உருப்போட முடியாது. செபிக்கும்போது வராத இன்பம் படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தவர், இது படிப்பைக் கெடுக்க வந்த இடையூறே எனத் தெளிந்தார். ஆசிரியரை ஒரு தேவாலயத்துக்கு அழைத்துச் சென்று, பார்சலோனாவில் அப்பமும் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு வகுப்புத் தவறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். (எங்கள் பிள்ளைகளுக்குப் படிக்கும்போது மொய்ப்பது பக்தியன்று, கைத்தொலைபேசி. ஆனாலும் மருந்து அதுவாகவே இருக்கலாம்.)

1528 பெப்ரவரி 2 ஆம் நாள், தனியாக, கால்நடையாகப் பாரிஸ் நகரை அடைந்தார். இலத்தீன் இன்னும் போதாது என்று கண்டு, மோந்தேகு கல்லூரியிற் சிறுவர்களோடு சேர்ந்து அடித்தளத்திலிருந்து மறுபடி தொடங்கினார். வயது 37. கையிலிருந்த 25 எஸ்குடோப் பணத்தைத் தம்மோடு தங்கியிருந்த நாட்டவர் ஒருவரிடம் பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்தார். அவர் அதைச் செலவழித்துவிட்டார். தவக்காலம் முடியும்போது இஞ்ஞாசியாரிடம் ஒரு காசுமில்லை. பிச்சை எடுத்து உண்டார். வாடகை கொடுக்க வழியின்றி, யாத்திரிகர் தங்கும் புனித யாக்கோபு விடுதிக்குப் போனார். அவ்விடுதி கல்லூரியிலிருந்து தூரம். மாலை மணி ஒலிக்கும் முன் உள்ளே வந்துவிட வேண்டும். பொழுது விடியும்வரை கதவு திறவாது. கல்லூரியிலோ விடியுமுன்னரே பாடம் தொடங்கிவிடும். நாள்தோறும் முதற்பாடமும் கடைசிப்பாடமும் அவருக்குத் தவறின.

இந்த இடத்தில் தாய் சிரித்துவிட்டார். "எங்கட பஸ் மாதிரி," என்றார். உண்மைதான். புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போய்வந்த பிள்ளைகளெல்லாம், காலையில் தொடக்கத்தையும் மாலையில் முடிவையும் பஸ்ஸுக்குக் காணிக்கையாக்கியவர்கள்தான்.

பாரிஸில் இருக்கும் என் தம்பியிடம் ஒரு தடவை போயிருந்தேன். எங்கள் தீவார் அங்கே பலர். லா சப்பலில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஃபோபூர் சென் டெனி வீதி தெற்கே தொடர்ந்து சென்று, நகரின் பழைய சென் டெனி வீதியாகிறது. அந்தப் பழைய வீதியிலேதான் யாக்கோபு விடுதி இருந்ததாம். பனங்கிழங்கும் முருங்கைக்காயும் விற்கும் கடையிலிருந்து தொடங்கி அந்தத் திசையில் நானும் நடந்து பார்த்தேன். ஒரு பாலம், நடுவில் ஒரு தீவு, மறுபடி ஒரு பாலம், பிறகு ஏற்றம். மோந்தேகு கல்லூரி நின்ற இடத்தில் இன்று புனித ஜெனவியேவ் நூலகம் நிற்கிறது. எனக்கு வாணர் பாலமும் பண்ணைப் பாலமும் இடையில் வேலணையும் நினைவுக்கு வந்தன. முழங்கால் நோவும் வந்தது. தம்பி, "அக்கா, நிலக்கீழ் ரயிலில வந்திருக்கலாம்," என்று கடிந்துகொண்டான்.

நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல விரும்பியது இதற்குப் பின்னர் நடந்தது. இஞ்ஞாசியாரின் பணத்தைச் செலவழித்த அந்த மனிதர் தம் நாட்டுக்குத் திரும்பும் வழியில், ரூஆன் துறைமுகத்தில் நோயுற்றுக் கிடந்தார். செய்தி கடிதமாக வந்தது. அவரைப் போய்ப் பார்த்து உதவ வேண்டும் என்று இஞ்ஞாசியாருக்குத் தோன்றியது. ரூஆன் 28 லீக் தூரம். நமது கணக்கில் 130 கிலோமீற்றர் அளவு. வெறுங்காலோடு, உண்ணாமற் பருகாமல் நடந்தே போவது என்று தீர்மானித்தார். தீர்மானித்த பின்பு பயம் பிடித்துக்கொண்டது. செபித்தார்; சற்றுத் தெளிந்தது. மறுநாட் காலை எழுந்தபோது, முன்னிலும் பெரிதாக வந்தது. தம் முதுமையிற் கமாரா என்னும் குருவானவரிடம் சொல்லி எழுதுவித்த வாழ்க்கைக் குறிப்பில் அவர் இதை மறைக்கவில்லை. தம் உடையை உடுத்தவே முடியாத அளவு அச்சம் என்று சொல்லியிருக்கிறார். பீரங்கிக்கு முன் நின்றவர் சொல்கிறார்.

அந்த அச்சத்தோடேயே உடுத்தினார். அந்த அச்சத்தோடேயே வீட்டை விட்டிறங்கினார். பொழுது நன்றாகப் புலருமுன் நகரையும் கடந்தார். வாசலிலே அது நீங்கவில்லை. நகர எல்லையிலும் நீங்கவில்லை. மூன்று லீக் தூரத்திலுள்ள அர்ஜாந்தேய் என்னும் ஊர்வரை கூடவே வந்தது. அவ்வூரைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போதுதான் விட்டுப் போயிற்று. போன பிறகு வந்த மகிழ்ச்சியில், வயல்வெளியில் தனியே நடந்தபடி இறைவனோடு உரத்த குரலிற் பேசத் தொடங்கிவிட்டாராம்.

"அப்ப, வெளிக்கிடேக்குள்ள பயம் இருந்தது," என்றாள் அவள், கணக்கொன்றைச் சரிபார்ப்பவள் போல.

"இருந்தது."

"செபம் பண்ணின பிறகும்?"

"அதுக்குப் பிறகுதான் கூட வந்தது."

அவள் அதை யோசித்துக்கொண்டிருந்தாள். நேர்த்தி வைத்தும் பயம் போகவில்லையே என்பது அவளுடைய உள்ளத்தில் ஒரு முள்ளாக இருந்திருக்க வேண்டும். நம்மிடையேயும் இந்த முள் உண்டு. செபித்த பின்னும் நெஞ்சு படபடத்தால், விசுவாசம் போதாது என்று பிள்ளையைக் குற்றஞ்சாட்டுகிற பெற்றோரைக் கண்டிருக்கிறேன். புதிய இடத்துக்குப் போகுமுன் நெஞ்சு படபடப்பதும், வயிற்றைப் பிரட்டுவதும், நித்திரை கலைவதும் உடல் தன்னைத் தயார்ப்படுத்தும் விதங்கள். அவற்றுக்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை.

என் கதையையும் சொன்னேன். 1978 இல் இதே இறுப்பிட்டியிலிருந்து ஒரு ரங்குப்பெட்டியோடு, அக்காலத்தில் யாழ்ப்பாண வளாகம் எனப்பட்ட பல்கலைக்கழகத்துக்குப் போனவள் நான். பேராதனையோடு பார்த்தால் அது கொல்லைப்புறம்தான். இருந்தும் வேலணை வரும்வரை முகத்தை யன்னற் பக்கம் திருப்பியபடியே இருந்தேன். திருநெல்வேலியில் மாணவியர் ஐவர் தங்கிய வீடொன்றில் முதலிரவுச் சாப்பாடு. கோப்பையில் சோற்றை வைத்துக்கொண்டு, ஒரு வாயும் இறங்காமல் இருந்தேன். எதிரே மட்டக்களப்பிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி. கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைவிடத் தூரத்திலிருந்து வந்தவளாயிற்றே என்று என் துயரத்தை மறந்து, அருகில் போய் முதுகைத் தடவி, "அழாதையும், கெதியில லீவு வரும்," என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் அழல்ல. இந்தக் கறிக்கு எவ்வளவு தூள் போட்டிருக்காங்க?" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் வீட்டுக்கார அம்மா ஓடி வந்துவிட்டார். அன்றிரவு நான் வயிறாரச் சாப்பிட்டேன். அவளுக்குத் தயிர் கொடுத்தார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தாய், எவரும் எதிர்பாராத விதமாகப் பேசத் தொடங்கினார். 1991 இல் தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்தில் பெயரும் தெரியாத பள்ளிக்கூடமொன்றின் கடைசி வாங்கில் இருத்தப்பட்டார். "சீருடையும் இல்லை, கொப்பியும் இல்லை. இடம்பெயர்ந்த பிள்ளை எண்டுதான் கூப்பிடுவினம். மூண்டாம் நாள் பக்கத்தில இருந்த பிள்ளை தன்ர பாணில பாதியப் பிய்ச்சுத் தந்தவ. அதுக்குப் பிறகுதான் நான் பள்ளிக்கூடத்துக்கு அழாமப் போனனான்." மகள் தாயை வியப்போடு பார்த்தாள். இருபது ஆண்டுகளாக இதை அவள் கேள்விப்பட்டதேயில்லை. நாம் பிள்ளைகளுக்கு நமது வெற்றிகளைச் சொல்லிக் கொடுக்கிறோம். கடைசி வாங்கை மறைத்துவிடுகிறோம்.

பாதிப் பாண் என்றதும் உடுவில் என் நினைவுக்கு வந்தது. 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையின் தொடக்கம் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுகிறது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சுலோ அம்மையாரிடம் பாடம் கேட்க வந்த சிறுமியர் இருவர், ஒரு மாலை பெருமழையில் வீடு திரும்ப முடியாமல் அகப்பட்டுக்கொண்டனர். அந்நியர் வீட்டில் உண்பது அக்காலத்தில் நினைக்கவும் முடியாதது. பசியோ பொறுக்கவில்லை. அம்மையார் கொடுத்ததை உண்டார்கள், அங்கே தங்கினார்கள். எங்கள் நாட்டுப் பெண்கள் வீட்டுக்கு வெளியே தங்கிப் படித்த வரலாறு அந்த மழையிரவில் பசித்திருந்த இரு குழந்தைகளிடமிருந்து புறப்பட்டது. அவர்களும் பயந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மறுபடி பாரிஸ். 1529 இல் இஞ்ஞாசியார் சாந்த் பார்ப் கல்லூரிக்கு மாறினார். அங்கே அவருக்குக் கிடைத்த அறையில் ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். இருவருக்கும் வயது 23. ஒரே மாதத்திற் பிறந்தவர்கள். ஒருவர் நவார் நாட்டுப் பிரபு குடும்பத்தவரான பிரான்சிஸ் சவேரியார். மற்றவர் சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த பீற்றர் ஃபேபர். பத்து வயதிற் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்படி அழுது அடம்பிடித்தவர். முப்பத்தெட்டு வயது மாணவருக்குப் பாடத்தை மீட்டுச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அந்த இடையரின் மகனிடம் வந்தது. ஃபேபர் படிப்பில் வல்லவர். உள்ளத்திலோ ஓயாத அச்சமும் மனக்குழப்பமும். தாம் செய்ததெல்லாம் பாவமோ என்று வருந்திக்கொண்டே இருப்பவர். அவருக்கு இஞ்ஞாசியார் ஆறுதல் சொன்னார். அவர் இஞ்ஞாசியாருக்கு அரிஸ்ரோட்டில் சொன்னார். சவேரியாரோ நெடுங்காலம் இந்த வயதான மாணவருக்கு முகங்கொடுக்கவேயில்லை. பிற்காலத்தில் இந்தியாவரை வந்த அந்தப் பெரியவர், ஒரு காலத்தில் அறைத்தோழரை அலட்சியஞ்செய்த இளைஞராகவும் இருந்தார் என்பது எனக்கு எப்போதும் ஆறுதலான செய்தி. புது அறையில் முதல் மாதத்தில் எவராவது முகத்தைத் திருப்பினால், அவர் எப்போதும் அப்படியே இருப்பார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஃபேபரை 2013 இற்றான் திருச்சபை புனிதராக அறிவித்தது.

தாளில் இருந்தவற்றுள் ஒன்றை மட்டும் நான் வேறாகப் பிரித்து வைத்தேன். அது பகிடிவதை. மற்றப் பயங்களைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம். இதைக் கூட்டிக்கொண்டு நடக்கக்கூடாது. 1997 இல் பேராதனையிலேயே பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் இருந்தும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை என்பதைப் பெற்றோர் அறிவார்கள். "பொறுத்துப் போ, கொஞ்ச நாள்தானே" என்று தகப்பன் சொல்லியிருந்தாராம். பாசத்தினாற் சொன்னதுதான்; ஆனால் அந்த அறிவுரையோடு எனக்கு உடன்பாடில்லை.

இதற்கும் இஞ்ஞாசியாரிடம் ஒரு நிகழ்ச்சி உண்டு. மாணவரைப் படிப்பிலிருந்து திருப்புகிறார் என்று குற்றஞ்சாட்டி, சாந்த் பார்ப் கல்லூரி அதிபர் அவரை மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடிக்கக் கட்டளையிட்டார். பொறுத்துக்கொள்ள அவர் ஆயத்தமாகவே இருந்தார். ஆனால் மௌனமாக மண்டபத்துக்குப் போகவில்லை என்று அவரது வரலாற்றை எழுதிய ரிபாதெனெய்ரா கூறுகிறார். நேரே அதிபரிடம் போய், தமக்கு இது பெரிதன்று, இப்போதுதான் நல்வழியிற் காலெடுத்து வைத்திருக்கும் இளையவர்கள் இதைக் கண்டு என்னாவார்கள் என்று கேட்டார். அதிபர் அவருடைய கையைப் பிடித்து மண்டபத்துக்கு அழைத்துச் சென்று, அனைவர் முன்னும் மன்னிப்புக் கேட்டார். எல்லா அதிபரும் அப்படிச் செய்வார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும் கையை நீட்டவோ, கேவலமாகப் பேசவோ, மதுவைப் புகட்டவோ எவராவது முற்பட்டால், அன்றே விடுதிப் பொறுப்பாளரிடமும் மாணவ ஆலோசகரிடமும் சொல்ல வேண்டும். அங்கே செவிமடுக்காவிட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். எதற்கும் முன் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று தாய்க்கும் மகளுக்கும் சேர்த்தே சொன்னேன். அதற்குப் பின் ஒரு கிழமை, இரண்டு கிழமை கடந்தும் நித்திரையும் பசியும் திரும்பாவிட்டால் வைத்தியரைப் பார்ப்பதில் வெட்கமில்லை என்றும், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அதே தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மருந்து கேட்டு வந்தவளுக்கு வேதத்திலிருந்து ஒன்றாவது கொடுக்க வேண்டுமே. தானியேல் நூலின் முதலாம் அதிகாரத்தைச் சொன்னேன். ஒரு வகையில் அதுவும் பல்கலைக்கழக அனுமதிக் கதைதான். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட நான்கு இளைஞர், கற்கைநெறி மூன்று ஆண்டுகள், பாடம் கல்தேயரின் மொழியும் எழுத்தும், பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். அரச பந்தியின் உணவு தானியேலுக்கு ஒவ்வவில்லை. அவர் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து வழக்காடவில்லை. மேற்பார்வையாளரிடம் பணிவாகப் பத்து நாள் மட்டும் கேட்டார். "நீயும் பத்து நாள் கேள் பிள்ளை. நிக்கிறதோ திரும்பி வாறதோ எண்டு பத்து நாளைக்கு யோசியாதை. பதினோராம் நாள் யோசிக்கலாம்."

"பத்து நாளெண்டா ஏலும்," என்றாள். பிறகு தேநீர் குடித்தார்கள். தாயின் சுகத்தைப் பற்றிய அந்தச் சிறிய எழுத்து வரியை நான் மறக்கவில்லை. கிழமைக்கு இரண்டு தடவை நான் போய்ப் பார்ப்பதாக, வாசல்வரை வந்தபோது அவளிடம் மட்டும் சொன்னேன்.

அவள் புறப்பட்ட நாளிற் பஸ் தரிப்பிடத்துக்கு நானும் போனேன். தகப்பன் ஒரு பயணப்பையைச் சுமந்திருந்தார். தாய் பனாட்டும் புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் அடைத்த மற்றொரு பையைக் கையை விட்டு இறக்காமல் நின்றார். பிள்ளையின் முகம் வெளிறியிருந்தது. "பயமா?" என்று கேட்டேன். "ஓம்," என்றாள், இம்முறை வெட்கமில்லாமல். பஸ் வந்தது. ஏறினாள்.

பன்னிரண்டாம் நாள் தொலைபேசி எடுத்தாள். அறையில் மூவர். ஒருத்தி ஹற்றன் தோட்டப்பகுதிப் பிள்ளை. மற்றவள் குருநாகலைச் சேர்ந்த சிங்களப் பிள்ளை. முதல் விரிவுரையிற் பாதி விளங்கவில்லையாம். குருநாகல் பிள்ளைக்கும் விளங்கவில்லையாம். இப்போது மூவருமாக இரவில் இருந்து, ஒருத்தி விட்டதை மற்றவள் சொல்லி எழுதிக்கொள்கிறார்கள்.

பயம் எந்த இடத்தில் இறங்கிப் போயிற்று என்று கேட்டேன். பண்ணைப் பாலத்தில் இருந்ததாம்; வவுனியாவிலும் இருந்ததாம். "அதுக்குப் பிறகு தெரியேல்லை ரீச்சர். நித்திரையாப் போனன். முழிச்சா மலை."

அம்மா கொடுத்துவிட்ட புழுக்கொடியலைக் கண்டு, இது அடுப்புக்கு வைக்கிற விறகா என்று ஹற்றன் பிள்ளை கேட்டாளாம். தேங்காய்ச் சொட்டோடு கடித்துக் காட்டியபின் இருவரும் பையை முடித்துவிட்டார்கள். அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாக அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். நான் போய்ச் சொன்னேன். கிழங்கு அவிப்பதற்குத் தாய் பெரிய பானையை ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.